எங்கள் காட்டை எங்கள் ஊரே நிர்வகிக்க முடியுமா?

கேள்வி: சத்தியமங்கலம் மலையில் உள்ள பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவன் நான். சீமாறு, நெல்லி, கடுக்காய், தேன் எடுத்துப் பிழைக்கிறோம். வன உரிமைச் சட்டத்தின்கீழ் காட்டை ஊரே நிர்வகிக்கலாம் என்கிறார்கள். புலிகள் காப்பகத்திலும் இது நடக்குமா? மரம் வெட்டலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: நடக்கும். உங்களுக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் வாழும் சோளகர் ஊர்களுக்கு 2011இலேயே இந்த உரிமை அளிக்கப்பட்டது. காப்பகம் என்ற காரணத்தைச் சொல்லி யாராவது மனுவை வாங்க மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நெல்லி, தேன் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை ஓரிடத்திலும், வழிவழியாகக் காத்துவரும் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையை வேறோர் இடத்திலும் கூறுகிறது. முதலாவதற்குப் படிவம் 'பி', இரண்டாவதற்குப் படிவம் 'சி'. எடுக்கும் உரிமை மட்டும் கையில் இருந்து, யார், எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை வேறொருவர் தீர்மானித்தால் காட்டின்மீது ஊருக்குப் பொறுப்பு வராது என்பது என் உறுதியான கருத்து. எனவே இரண்டு படிவங்களையும் சேர்த்தே கொடுங்கள்.

தடிமரம் சிறு வன மகசூலில் சேராது. மூங்கிலும் பிரம்பும் சேரும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா ஊருக்கு 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின்மீது உரிமை கிடைத்தது. ஆனாலும் மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகம் 2011 ஏப்ரலில்தான் ஊரார் கைக்கு வந்தது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அந்தச் சீட்டைக் கிராம சபை அமைக்கும் குழுவே வழங்கலாம்.

முதலில் கிராம சபையைக் கூட்டி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாகவும், மூன்றில் இரண்டு பங்கினராவது பழங்குடியினராகவும் இருக்க வேண்டும். சபையின் மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் வந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும். வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருப்பது கட்டாயம்.

வரைபடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். முதியவர்களையும் தேனெடுப்பவர்களையும் அழைத்துக்கொண்டு எல்லையை நடந்து, தேன்பாறை, மாட்டுப்பட்டி போட்ட வெளி, சாமிக்கல், ஓடை ஆகியவற்றை ஊரார் வழங்கும் பெயரிலேயே குறியுங்கள். பக்கத்து ஊராரையும் உடன் நடக்கவைத்துக் கையொப்பம் வாங்கிவிட்டால், பின்னாளில் வரும் தகராறுகளில் பெரும்பகுதி வராமலே போகும். சான்றுகள் குறைந்தது இரண்டு வேண்டும். முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவதும் சான்றுதான்.

பட்டா வரும்வரை காத்திராமல் அறுவடை விதிகளை இப்போதே எழுதத் தொடங்குங்கள். மலைத்தேன் அடையில் தேன் நிற்கும் பகுதியை மட்டும் அறுத்து, புழுக்கள் இருக்கும் பகுதியை விட்டுவிடும் வழக்கம் உங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்ததே. அதை ஊர் விதியாக்குங்கள். நெல்லிக்காகக் கிளையை வெட்டக் கூடாது என்றும், மரமேறுபவர் அங்கே படர்ந்திருக்கும் புல்லுருவியை நீக்கிவிட்டு இறங்க வேண்டும் என்றும் எழுதலாம். ஆண்டுதோறும் எந்தப் பகுதியில் எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்பதை எடைபோட்டு ஒரு நோட்டில் பதிந்து வையுங்கள். எந்தச் சரிவுக்கு ஓய்வு கொடுப்பது என்று சபை முடிவெடுக்க அந்த நோட்டு வேண்டும்.