கைக்காசு வேலை, டமேஜ் டிப்பொசிற், கேஸ் பயம்

தங்கச்சி, நீங்கள் எழுதினது விளங்குது. ரெஸ்ரோறன்ற் முதலாளி மூண்டு கிழமைச் சம்பளத்தப் பிடிச்சு வச்சுக்கொண்டு, எங்கயும் போய்ச் சொன்னா உன்ர அகதி கேஸ் பழுதாப் போகும் எண்டு வெருட்டுறார், பேஸ்மென்ற் வீட்டுக்காரர் கடைசி மாச வாடகைக்கு மேல டமேஜ் டிப்பொசிற்றும் (வீட்டில ஏதும் உடைஞ்சா எடுக்கிறதுக்கு எண்டு முன்கூட்டி வாங்கிற காசு) கேக்கிறார், தம்பிக்கும் தமிழ் ஆக்கள் கனடா வந்த கதை பற்றி யுனிவசிற்றிக்குக் கட்டுரை எழுதவேணும்.

முதலாளி சொல்லுறது சுத்தப் புளுகு. ஒன்ராறியோவில செய்த வேலைக்குச் சம்பளம் தரவேணும், நீங்கள் சிற்றிசனோ கேஸ் நடக்கிற ஆளோ எண்டு சட்டம் பாக்கிறேல்ல. தொழில் அமைச்சுக்கு ஒன்லைன்ல கிளெயிம் போடலாம், காசு கட்டத் தேவையில்ல, ஆனா ரெண்டு வருசத்துக்குள்ள போட்டிடவேணும். கிளெயிம் போட்டதுக்காக உங்கள வேலையால நிப்பாட்டினாலும் அதுவும் பிழைதான்.

நான் 1990ல வந்து கோப்பை கழுவேக்க எனக்கும் இதே கதைதான், கைக்காசு வேலை, எத்தினை மணித்தியாலம் எண்டு ஒரு துண்டில கூட எழுதி வைக்கேல்ல, கடைசியில நான் வேலை செய்ததெண்டு காட்டவே ஒண்டும் இல்ல. அந்தக் காசு போனதுதான். நீங்கள் இண்டைக்கே கலண்டர்ல ஒவ்வொரு நாளும் போன நேரம் வந்த நேரம் எழுதுங்கோ, முதலாளி போன்ல அனுப்பின மெசேஜ் ஒண்டையும் அழிக்காதேங்கோ. பேப்பர் எண்டா எனக்கு இப்ப ஒரு விசர் மாதிரி. போன வருசம் முதியோர் பென்சனுக்குப் போடேக்க எப்ப வந்தனீங்கள் எண்டு கேட்டாங்கள், பழைய லாண்டிங் பேப்பர் (நிரந்தரமா இருக்க விட்டநேரம் தந்த பேப்பர்) அலுமாரிக்குள்ள இருந்தபடியால தப்பினன், அது துலைஞ்சா திருப்பி அதே பேப்பர் தரமாட்டாங்கள்.

தம்பிக்குச் சொல்லுங்கோ, 1985ல வந்த சிங் வழக்குத் தீர்ப்பில இருந்து தொடங்கச் சொல்லி. அகதி எண்டு கேட்டு வந்த ஆள நேரில விசாரிக்காமல் தள்ளேலாது எண்டு சுப்ரீம் கோர்ட் சொன்னது அதிலதான், உங்கட கேஸ் கேக்கிற போர்ட் 1989ல வந்ததும் அதாலதான். அடுத்த வருசம், 1986 ஓகஸ்ட்ல, நியூஃபவுண்ட்லாந்து கடல்ல உயிர்காப்புப் படகுகளில இருந்து மீன்பிடிகாரர் காப்பாத்தின 155 தமிழ் ஆக்கள். அந்த நேரத்துப் பேப்பர்ச் செய்தி எல்லாம் தேடி எடுக்கலாம். நூலகம் இணையத்தளத்தில எங்கட பழைய பத்திரிகை, மலர் எல்லாம் சும்மா வாசிக்கலாம், ரொறொன்ரோ யுனிவசிற்றியின்ர ஸ்காபரோ வளாக லைப்ரரியிலயும் கேக்கச் சொல்லுங்கோ.

வீட்டு விசயம்: கடைசி மாச வாடகை மட்டும் முன்கூட்டி வாங்கலாம், டமேஜ் டிப்பொசிற் வாங்கேலாது. ஆனா ஒரு சிக்கல் இருக்கு, வீட்டுக்காரரோட குசினியோ பாத்ரூமோ பகிர்ந்து இருந்தா அந்த வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உங்கட பேஸ்மென்ற்றில குசினி தனியவோ? அத எழுதுங்கோ, அதுவரைக்கும் காசு குடுக்காதேங்கோ.