நெடுஞ்சாலைச் சத்தம்: மரம் நட்டால் குறையுமா?

கோலாலம்பூர் செந்தூலில் டியூக் நெடுஞ்சாலை ஓரம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறீர்கள், மரம் நட்டால் சத்தம் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை வரிசை மரத்தால் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி, இலை இடுக்கெல்லாம் சத்தம் புகுந்து வந்துவிடும். தடுப்புச் சுவர் நல்லதுதான், ஆனால் வண்டிகளை உங்கள் பார்வையிலிருந்து அது மறைக்க வேண்டும். மறைத்தால் சுமார் 5 டெசிபல் குறையும் (10 குறைந்தால்தான் காதுக்குப் பாதியாகத் தெரியும்), கீழ்வீட்டுக்காரருக்கு அது பெரிய உதவி, மேலிருந்து சாலையைக் குனிந்து பார்க்கிற உங்களுக்கு இல்லை. வேகமாக ஓடும் காரில் இஞ்சினைவிட டயர் சத்தமே அதிகம், அதனால் நுண்துளைகள் உள்ள தார்ச்சாலையும் வேகக் குறைப்பும் எல்லா மாடிக்கும் பலன் தரும். அதைக் குடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள்.

சரி, இன்றிரவு தூங்க வேண்டுமே? எங்கள் அறையில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த பழைய ஜன்னல், மூடினாலும் பட்டைக்குப் பட்டை இடைவெளி, விடியற்காலை மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் தலையணைக்குள் ஓடுவது போல இருக்கும். அதை எடுத்துவிட்டு ரப்பர் விளிம்போடு இறுக மூடும் ஜன்னலில் லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) போட்டோம், அப்புறம்தான் மகள் விடியும்வரை தூங்கினாள். கதவடி இடுக்கையும் அடையுங்கள். மூடிய அறை புழுங்கும், ஏர்கோன் செலவையும் கணக்கில் வையுங்கள்.