வைகைக் கரை ஊரின் வரலாற்றை டோப்போஷீட்டில் தேடுவது எப்படி?

‘வைகைக் கரையில் இருக்கிற எங்கள் ஊரின் பழைய வரலாற்றை டோப்போஷீட் வைத்துத் தேட முடியுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். டோப்போஷீட் என்பது இந்திய நில அளவைத் துறை போடும் நிலப்பட வரைபடம். ஷீட்டை விரித்ததும் எல்லோரும் ஆற்றைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கண்மாய்களைப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கான ஷீட் எண்ணை முதலில் பாருங்கள். மதுரை, கீழடி என்றால் 58 கே/1. திருப்புவனம் 58 கே/5. சோழவந்தான் 58 எஃப்/16. அளவு 1:50,000, தாளில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. சமஉயரக்கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு, 20 மீட்டருக்கு ஒன்றுதான். சமவெளியில் இரண்டு மூன்று மீட்டர் உயரும் பழங்குடியிருப்பு மேடு அந்தக் கோட்டில் சிக்கவே சிக்காது. ‘கோடே இல்லை, மேடும் இல்லை’ என்று பலரும் தவறாக முடிவுகட்டுவது இங்கேதான்.

அதனால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைப் பின்தொடருங்கள். வடகரையில், வைகையின் குறுக்கே உள்ள பேரணையிலிருந்து சரிவை அணைத்துக்கொண்டு வரும் வாய்க்கால், 1895இல் வந்த பெரியாறு பாசனத்தைச் சேர்ந்தது. ஆற்றிலிருந்தே பிரிந்து, வளைந்து நெளிந்து கண்மாயில் விழும் கால் அதற்கும் மூத்ததாக இருக்கலாம்; அதன் அருகே பழைய குடியிருப்பும் இருந்திருக்கலாம். இது சான்று ஆகாது, எங்கே நடந்து பார்க்கலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே. ஆய்வாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அடுத்தது பெயர். மேடு, திடல், நத்தம், பாழ் என்று முடியும் வயற்பெயர்கள் இந்த அளவு ஷீட்டில் பெரும்பாலும் வராது. கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப்படம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழடியில் அகழாய்வு நடந்த தென்னந்தோப்பு மேட்டின் பெயரே பள்ளிச்சந்தைத் திடல். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறை வைகையின் இரு கரையிலும் 293 இடங்களைக் கண்டதும் ஊர் ஊராக நடந்துதான்.

பழைய ஷீட்டைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது, ஆயத்தொலை முறையாகப் பலரும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஷீட்டோ எவரெஸ்ட் கோளவுரு என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தது. அதற்குரிய கலியான்பூர் 1975 என்ற முறையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகி, பக்கத்து வயலில் போய் நிற்பீர்கள்.

கூகுள் எர்த் இருக்க இது எதற்கு என்பார்கள். மனைகளாகிப்போன கண்மாயின் கரை பழைய ஷீட்டில்தான் மிச்சம் இருக்கிறது. கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும் சொல்லியே ஆக வேண்டும்: கண்மாயைத் தூர்த்து மனை போடுகிறவர்கள், அதன் பெயரையும் அழித்து ஏதோ ஒரு ‘நகர்’ வைப்பது வயிறு எரியவைக்கிறது.

இடம் தெரிந்ததும், வயலை உழுத பிறகு ஒரு மழை பெய்ததும் போங்கள், பானை ஓடு கழுவித் தெரியும். தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.