மாயூரம் முன்சீப் எந்த லா காலேஜில் படித்தார்?

மயிலாடுதுறையிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

பொண்ணு பி.ஏ. தமிழ் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போகிறேன் என்கிறாள். மைத்துனரோ "கிளாட் எழுதி நேஷனல் லா போகலைன்னா வக்கீல் தொழிலே வேஸ்ட்" என்கிறார். (கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு.) உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று லட்சம் கட்ட நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். தவணை கழுத்தைப் பிடித்தால் அவள் ஊர்க் கோர்ட்டில் ஜூனியராக உட்கார முடியாது. அவளுக்குப் பிடித்ததோ அதுதான்.

உங்கள் ஊரில் பதின்மூன்று ஆண்டு முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் சிவில் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) சட்டப் பட்டதாரி இல்லை. திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர். சட்டம் கைவந்தது அங்கேதான். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் (அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் அச்சேற்றினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1876–78 பஞ்சத்தில் கைக்காசைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியது அதற்காக. பெண்களுக்குப் பள்ளியும் வைத்தார். (மைத்துனரிடம் இதையும் சொல்லுங்கள்.)

இன்று பட்டம் கட்டாயம். எந்த டிகிரிக்குப் பிறகும் மூன்றாண்டு எல்.எல்.பி. உண்டு, அரசுக் கல்லூரியில் செலவும் குறைவு. படித்து முடித்து வழக்கறிஞராகப் பதியும் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு பிராக்டிஸ் வேண்டும் என்பது 2025 தீர்ப்பு. வழக்கறிஞராகத் தற்காலிகமாகப் பதிந்த நாளிலிருந்தே கணக்கு. பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞரின் சான்று கேட்பார்கள், ஆகவே சேரும் சீனியர் யார் என்பது முக்கியம்.

அந்தத் தேர்வில் பலர் கோட்டைவிடுவது மொழிபெயர்ப்புத் தாளில். சாட்சியம், தீர்ப்பு, பத்திரம் என்று தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரு பக்கமும் மாற்ற வேண்டும். பத்திரத்தில் 'சுவாதீனம்' என்றால் பொசஷன், 'அனுபவம்' என்றால் எஞ்ஜாய்மெண்ட். ஆங்கில மீடியம் பிள்ளை அதை எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதிவிட்டு வரும். 'வில்லங்கம்' என்கம்பரன்ஸ், சண்டை அல்ல. 'ஷை' என்றால் மேற்படி. சாட்சி "வரப்பை வெட்டிட்டான்" என்றால் அது மரத்தை வெட்டுவது போல அல்ல, மண்ணை வெட்டி எடுத்தது என்பது மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டும். தமிழ் படித்த பெண்ணுக்கு இதில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்குத் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத் தீர்ப்பு போதும்.

அடமானத்துக்கென்று எடுத்து வைத்த கிரயப் பத்திரத்தை அவளிடம் கொடுங்கள். சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.