சுவர் விளக்கு: அடியில் கண்ணைக் கூசுது, மேலே இருட்டு

வணக்கம். 18 மீட்டர் உயர அரசுக் கட்டடம், சுவரை மேல்நோக்கி ஒளியூட்டத் தரையில் குழி வெட்டிப் பதித்த விளக்குகள் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி, அடிப்பகுதி வெளுத்து மேல்பகுதி இருட்டு, பூச்சில் உள்ள மேடுபள்ளமெல்லாம் தெரிகிறது, விளக்குக் கண்ணாடிக்குள் நீரும் கோர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாட் கூட்டாதீர்கள்; அடி இன்னும் வெளுக்கும், அவ்வளவுதான். கோளாறு தூரத்தில். சுவரை உரசிப் போகும் ஒளி, கொத்தனாரின் கரண்டித் தடத்துக்குக்கூட நீண்ட நிழல் போடும். கருங்கல் செதுக்கலுக்கு அது அழகு, சிமென்ட் பூச்சுக்கு ஆகாது.

உயரத்தில் கால்பங்கு, அதாவது சுமார் 4.5 மீட்டர் தள்ளி வையுங்கள். 15×60 டிகிரி நீள்வட்ட லென்ஸ் (ஒளியை ஒரு பக்கம் 15 டிகிரி, மறுபக்கம் 60 டிகிரி விரிப்பது) போட்டு, 12 மீட்டர் உயரத்தைக் குறிவையுங்கள். தரையிலிருந்து சாய்வு ஏறக்குறைய 70 டிகிரி வரும். அடிப்பகுதிக்கு ஒளிக்கற்றையின் விளிம்பில் சிதறும் வெளிச்சமே போதும். 60 டிகிரி பக்கம் கிடைமட்டமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒன்று திரும்பியிருந்தாலும் சுவரில் செங்குத்தாக ஒரு பட்டை விழும். விளக்குக்கு விளக்கு இடைவெளி 3 மீட்டரில் தொடங்கலாம். மேல்விளிம்பைத் தாண்டி வானத்துக்குப் போகும் ஒளியை மறைப்புத் தகடு போட்டு வெட்டுங்கள்.

கண்ணாடிக்குள் நீர் கோர்ப்பதற்கு ஐபி67 (தூசி, நீர் புகாமைக்கான தரக்குறியீடு) மட்டும் தீர்வல்ல. அணைத்ததும் விளக்கு குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைந்து, கேபிள் இழைகள் வழியாக ஈரத்தை உறிஞ்சும். கேபிளுக்கு ஜெல் நிரப்பிய இணைப்பு போடுங்கள், நீர் வடிய விளக்குக் குழிக்கு அடியில் 30 செ.மீ. ஜல்லி.

மொத்தமாக வாங்குமுன் மூன்று விளக்கை மட்டும் வைத்து ஓர் இரவு எரியவிட்டுப் பாருங்கள்.