சாசுகே கணக்கு வழக்கு: வாசகர் கேள்வி–பதில்

ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 1997 செப்டம்பரில் தொடங்கிய தடைதாண்டும் போட்டி 'சாசுகே'. வெளிநாடுகளில் ஓடும் 'நிஞ்ஜா வாரியர்' நிகழ்ச்சிகளுக்கெல்லாம் இதுதான் தாய்வீடு. சென்ற இதழில் இதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்களைப் பற்றியவை.

கேள்வி: இந்தப் போட்டியை முழுதாக முடித்தவர்கள் 4 பேர் என்று ஓரிடத்திலும், 6 என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. 2022 டிசம்பரில் ஒளிபரப்பான 40வது போட்டி வரை எடுத்துக்கொண்டால், முடித்தவர்கள் 4 பேர். முடிக்கப்பட்டது 6 முறை. இருவர் இரண்டிரண்டு முறை முடித்திருப்பதால் வந்த குழப்பம்.

அகியாமா கசுஹிகோ: 4வது போட்டி, 1999 அக்டோபர். நாகானோ மகோட்டோ: 17வது, 2006 அக்டோபர். உருஷிஹாரா யூஜி: 24வது (2010 ஜனவரி 1), மறுபடி 27வது (2011 அக்டோபர்). மோரிமோட்டோ யூசுகே: 31வது (2015 ஜூலை), மறுபடி 38வது (2020 டிசம்பர்).

இந்த முழு வெற்றியை ஜப்பானியர் 'கான்சென் செய்ஹா' என்பார்கள். சாதாரணமாக ஒரு போட்டிக்கு 100 பேர், நான்கு கட்டங்கள். கீழே தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது; மறு வாய்ப்பு அடுத்த போட்டியில்தான். 40 போட்டிகளுக்குச் சுமார் 4,000 முயற்சிகள் என்று வைத்தால், 6 என்பது 0.15 சதவீதம், அதாவது ஏறக்குறைய 670 முயற்சிக்கு ஒன்று. முயற்சி என்றுதான் சொல்ல வேண்டும், 'ஆள்' என்று சொல்லக் கூடாது. யமாமோட்டோ ஷிங்கோ என்பவர் முதல் போட்டியிலிருந்து 40வது வரை ஒன்றுவிடாமல் கலந்துகொண்டவர். அந்த ஒருவரே 40 முயற்சி.

இன்னொரு சின்ன எச்சரிக்கை: எல்லாத் தேதியும் ஒளிபரப்பான தேதிதான். படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்திருக்கும். 24வது போட்டி புத்தாண்டு அன்று ஒளிபரப்பானது. அதனால் சிலர் அதை 2009 கணக்கில் போடுவார்கள், சிலர் 2010 கணக்கில் போடுவார்கள். ஆண்டைவிடப் போட்டி எண்ணை வைத்துப் பேசுவது வம்பில்லாதது.

கேள்வி: கடைசிக் கட்டத்தில் நாகானோ 2.56 நொடி மீதி வைத்தார். உருஷிஹாரா 27வது போட்டியில் 6.71 நொடி மீதி வைத்தார். அப்படியானால் உருஷிஹாராதானே வேகமானவர்?

இப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தப் பட்டியல்களில் ஆரம்பக்காரர் எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். திரையில் தெரிவது எடுத்துக்கொண்ட நேரம் அல்ல, மிச்சம் இருந்த நேரம். கடைசிக் கட்டத்தில் ஏற வேண்டிய கோபுரத்தின் உயரமும், ஏறும் முறையும், கொடுக்கப்பட்ட நேரமும் போட்டிக்குப் போட்டி மாறியிருக்கின்றன.

அகியாமா ஏறியது வெறும் கயிறு. 15 மீட்டர், 30 நொடி. நாகானோ ஏறியபோது முதலில் 12.5 மீட்டர் 'ஸ்பைடர் கிளைம்ப்' (கை, கால் இரண்டாலும் சுவர்களை உதைத்து ஏறுவது), அதன் மேல் 10 மீட்டர் கயிறு, மொத்தம் 22.5 மீட்டர், நேரம் அதே 30 நொடி. மோரிமோட்டோ 31வது போட்டியில் ஏறியது மூன்று துண்டு: ஸ்பைடர் கிளைம்ப் 8 மீட்டர், 'சால்மன் லேடர்' (கம்பியைக் கொக்கி கொக்கியாக மேலே மாட்டி ஏறுவது) 7 மீட்டர், கயிறு 10 மீட்டர். அதற்கு 45 நொடி. அவர் மீதி வைத்தது 2.35.

ஒப்பிட வேண்டுமானால் முதலில் கழித்துக்கொள்ளுங்கள். நாகானோ: 30 கழித்தல் 2.56, ஆக 27.44 நொடி. மோரிமோட்டோ: 45 கழித்தல் 2.35, ஆக 42.65 நொடி. மோரிமோட்டோ மெதுவானவர் என்று இதற்கும் அர்த்தம் கிடையாது. நடுவில் இரும்புக் கம்பியைத் தூக்கித் தூக்கி மாட்டிக்கொண்டு ஏறுவதற்குக் கயிறு ஏறுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒரே ஆள், ஒரே அமைப்பு என்றால் மட்டும் நொடிக்கணக்கு நியாயமாக இருக்கும். அப்படி ஒரு ஜோடி நம்மிடம் இருக்கிறது. அடுத்த கடிதத்துக்கு அதுதான் பதில்.

கேள்வி: மயிரிழையில் தவறிய தோல்வி எது?

இரண்டு உண்டு. 3வது போட்டியில் யமடா கட்சுமி கயிற்றின் உச்சிக்கு 30 செ.மீ. குறைவாக நின்றுவிட்டார். 15 மீட்டரில் 30 செ.மீ. என்பது நூற்றுக்கு இரண்டு.

12வது போட்டியில் (2003) நாகானோ உச்சியில் இருந்த பொத்தானை அடித்தபோது நேரம் முடிந்து 0.11 நொடி ஆகியிருந்தது. 22.5 மீட்டரை 30.11 நொடியில் ஏறியிருக்கிறார் என்றால், சராசரி வேகத்தில் 0.11 நொடிக்கு 8 செ.மீ. வருகிறது. உள்ளங்கை அகலம்! மூன்று ஆண்டு கழித்து அதே 22.5 மீட்டரை 27.44 நொடியில் முடித்தார். 2.67 நொடி முன்னேற்றம். அப்போது அவருக்கு வயது 34. மீன்பிடிப் படகில் வேலை செய்தவர்.

யமடாவுக்கு அந்த 30 செ.மீ. கடைசிவரை கிடைக்கவில்லை.

கேள்வி: முதல் கட்டத்தை ஒரே போட்டியில் அதிகம் பேர் தாண்டியது எப்போது? அந்த எண்ணிக்கை ஏன் பிறகு வரவில்லை?

4வது போட்டி. 100 பேரில் 37 பேர் தாண்டினார்கள். அகியாமா கோபுரத்தையும் முடித்த போட்டி அது.

அதற்கப்புறம் நிகழ்ச்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 5வது போட்டிக்கு ஓடுதளத்தையே மாற்றிவிட்டார்கள். வளைந்து எழும் சுவர், அதாவது இன்று உலகமெங்கும் 'வார்ப்டு வால்' என்று தெரிந்த தடை, அந்தப் போட்டியில்தான் வந்தது. யாராவது முழுதாக முடித்தால் அடுத்த போட்டியில் தடைகள் கடினமாகும் என்பது பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. நாகானோ முடித்த கையோடு 18வது போட்டியில் சால்மன் லேடர் நுழைந்தது. ஆகவே '37' என்பதைப் பிந்தைய போட்டிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து வரைபடம் போட்டுவிட்டு, 'வீரர்களின் தரம் குறைந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது தப்பு. அந்த வரைபடம் ஆட்களின் தரத்தையும் தடையின் கடுமையையும் ஒரே கோட்டில் குழைத்துக் காட்டுகிறது. 4க்கும் 5க்கும் நடுவில், 17க்கும் 18க்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: வளைந்த சுவரில் 'நேரம் முடிந்தது' என்று தோற்றவர்கள் நிறையப் பேர். அதுதான் முதல் கட்டத்தின் மிகக் கடினமான தடையா?

பட்டியலில் அப்படித்தான் தெரியும். ஜப்பானிய ஆட்டத்தில் சுவரிலிருந்து சறுக்கிக் கீழே வந்தால் தோல்வி கிடையாது. கடிகாரம் ஓடும்வரை திரும்பத் திரும்ப முயலலாம். அமெரிக்க நிகழ்ச்சியில் மூன்று முயற்சிதான் என்று விதி வைத்தார்கள். ஆகவே ஜப்பானியப் பட்டியலில் சுவருக்கு நேரே இருக்கும் 'நேரம் முடிந்தது' என்பதில் ஒரு பங்கு, முன்னால் இருந்த தடைகளில் தயங்கி நின்று இழந்த நொடிகளின் கணக்கு. சுவர் வெறும் வசூல் செய்யும் இடம்.

சுவரில் தவறுவதற்கென்று உள்ள காரணங்கள் வேறு. வளைவில் கால் வைக்கும்போது உடம்பைச் சுவர்ப் பக்கம் சாய்த்தால் பாதத்தின் அழுத்தம் குறைந்து கால் வழுக்கும். பாதம் பரப்பில் முழுதாகப் பதிய வேண்டும். உடம்பு சற்றுப் பின்சாய்ந்து, சிறு சிறு வேக அடிகளாக மூன்று நான்கு. சுவர் செங்குத்தாகும் இடத்தில் விழும் கடைசி அடி மேல்நோக்கி உதைக்க வேண்டும். கை நீட்டுவது அந்த உதைக்குப் பிறகுதான். பயந்தவர்கள் ஓர் அடி முந்தியே கையைத் தூக்குவார்கள். தூக்கிய கணமே கால் நின்றுவிடும். ஈரமான காலணியோடு வந்தால் இதெல்லாம் சரியாகச் செய்தாலும் பலிக்காது. அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்ளச் செலவாகும் இரண்டு நொடி நஷ்டமே இல்லை.

உயரம் ஒரு சாக்கு ஆகாது. 2014இல் டல்லாஸில் நடந்த அமெரிக்கத் தகுதிச் சுற்றில் கேசி கட்டன்சாரோ, 5 அடி உயரக்காரர், 14 அடிச் சுவரில் ஏறினார். அங்கே அதில் ஏறிய முதல் பெண் அவர்.

கேள்வி: சால்மன் லேடரில் வலுவான ஆட்களே விழுகிறார்களே, ஏன்?

தோள்பலத்தைவிடச் சமநிலை வேண்டிய தடை அது. இரு பக்கமும் பல்பல்லாகக் கொக்கி வரிசை. நடுவில் ஒரு கம்பி. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கம்பியோடு சேர்த்து உடம்பை எம்பி, மேல் கொக்கியில் மாட்ட வேண்டும். கையால் மட்டும் இழுப்பவர் ஒரு கை முந்திவிடுவார். கம்பியின் ஒரு முனை மேல் கொக்கியில், மறுமுனை கீழ்க் கொக்கியில் என்று கோணலாக நிற்கும். அதைச் சரிசெய்யத் தாழ்ந்த பக்கத்தை மட்டும் தூக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு பக்கமும் எம்பினால் கம்பி மொத்தமாகக் கழன்று ஆளோடு விழும்.

சரியான வரிசை இது: உடம்பு ஊசலாடி முன்னே போய்த் திரும்பும்போது முழங்காலை மேலே இழுத்து, இடுப்பின் வேகத்தால் உடம்பு எடையிழக்கும் அந்த ஒரு கணத்தில் இரு கையும் ஒரே நேரம் கம்பியைத் தூக்கிப் போட வேண்டும். மாட்டியதும் அடுத்த ஊசலைப் பயன்படுத்திக்கொண்டால் தொடர்ச்சியாகப் போகலாம். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குபவருக்கு ஊசலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதால் முன்கை சீக்கிரம் இறுகிவிடும்.

பழைய இரண்டாம் கட்டத்தின் முடிவில் 'வால் லிஃப்டிங்' என்று மூன்று கதவுகள் இருந்தன: 30, 40, 50 கிலோ. கூட்டினால் 120 கிலோ, தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. முன்கை செத்துப்போன நிலையில், கடிகாரம் கத்தும்போது, முதுகை வளைத்துத் தூக்கப் பார்ப்பவர் மூன்றாவதில் மாட்டிக்கொள்வார். குந்தி உட்கார்ந்து தொடையால் எழுவதுதான் வழி.

கேள்வி: வீட்டில் பார்த்துக்கொண்டே நாங்களே புள்ளிவிவரம் எழுத ஆசை. எப்படி வைத்துக்கொள்வது?

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒரு போட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் போட்டி எண், ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடுத்த நேரம், தடைகளின் பெயர்கள் வரிசையாக. இதை எழுதாமல் ஆரம்பித்தால் பிறகு எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது. கீழே ஆறு பத்தி: வீரர் எண், பெயர், கட்டம், முடிவு, தடை, மீதி நேரம்.

'முடிவு' பத்தியில் நான்கு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள்: தா (தாண்டினார்), வி (விழுந்தார்), நே (நேரம் முடிந்தது), த (தகுதி நீக்கம்). 'வி'யையும் 'நே'யையும் ஒன்றாகக் கலந்தால் மேலே சொன்ன சுவர்க் குழப்பம் உங்கள் நோட்டிலும் வரும். மூன்றாம் கட்டத்தில் நேர வரம்பு கிடையாது. அங்கே கடைசிப் பத்தியில் பூஜ்யம் போடாமல் கோடு போடுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி எடுக்கும்போது கவிழ்த்துவிடும்.

பலருடைய ஓட்டத்தை வெட்டிச் சுருக்கிக் காட்டுவார்கள். அவர்களுக்கு விழுந்த தடை மட்டும் தெரியும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, நேரக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

வீரர் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாக 1 முதல் 100 வரை. பின்னால் ஓடுபவர்கள் பெயர்பெற்றவர்கள். ஆனால் 10வது போட்டியில் மொத்தக் கணக்கைத் தொடர்ந்து 901 முதல் 1000 வரை கொடுத்தார்கள். 20வது, 30வதிலும் அப்படியே. கணினியில் ஏற்றுவதானால் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 00 வந்தால் 100.

கேள்வி: 2015இல் அமெரிக்காவில் இரண்டு பேர் முடித்தும் பரிசு ஒருவருக்கே போனது ஏன்?

விதி அப்படி. இருவரும் 75 அடிக் கயிற்றை 30 நொடிக்குள் ஏறினார்கள்: ஜெஃப் பிரிட்டன் 29.65, ஐசக் கால்டியரோ 26.14. பத்து லட்சம் டாலர் வேகமானவருக்கு. முதலில் ஏறி முடித்தவர் பிரிட்டன். வரலாற்றில் அவர் பெயர் முன்னே, வங்கிக் கணக்கில் கால்டியரோ பெயர். 75 அடி என்பது 22.86 மீட்டர், நாகானோவின் 22.5க்கு நெருக்கம்தான். ஆனாலும் ஒப்பிடாதீர்கள்: நாகானோவுக்குப் பாதிக்கு மேல் கை, கால் இரண்டாலும் சுவர்களை உதைத்து ஏறும் பகுதி.

கேள்வி: பெண்களில் சாதனை யாருடையது?

பெண்களுக்கான 'குனொய்ச்சி'யில் மியாகே அயாகோ. 4, 5, 6 என மூன்று போட்டிகளை அடுத்தடுத்து முழுதாக முடித்தவர். ஆண்களில் யாரும் இரண்டை அடுத்தடுத்து முடித்ததில்லை. ஆனால் தளம் வேறு, அதை மறக்க வேண்டாம்.

கேள்வி: போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரி இந்தியில் கிண்டலடித்த நிகழ்ச்சியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது 'தகேஷிஸ் காசில்', 1986–89. அதே டிபிஎஸ், அதே யோகோஹாமா மிதோரியாமா படப்பிடிப்புத் தளம். அது சிரிப்புக்காகச் செய்தது.

கேள்வி: ஒலிம்பிக்கில் இது வருகிறதாமே?

அப்படியே வரவில்லை. ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டுத் தடைதாண்டலை வைக்க அதன் உலகக் கூட்டமைப்பு 2022 நவம்பரில் முடிவு செய்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் பார்க்கலாம். அங்கே 70 மீட்டருக்கு மிகாத சிறு தளத்தில் இருவர் அருகருகே ஓடுவார்கள். முடிவில் வளைந்த சுவர் உண்டு. மீதி நேரம் என்ற பேச்சே அங்கே இல்லை; எடுத்த நேரம்தான். நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.