வேற்றுக்கிரகவாசிகள் கடத்தினார்களா? கேள்வி பதில்

தூக்கமும் நினைவாற்றலும் என் துறை. அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கவிதா: பெட்டி, பார்னி ஹில் தம்பதி சொன்னது பொய்யா?

வேற்றுக்கிரகவாசிகள் தங்களைக் கடத்தியதாகச் சொன்ன அமெரிக்கத் தம்பதி இவர்கள். பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவர்கள் நேர்மையானவர்கள், நிஜமாகவே பயந்தவர்கள். 1961 செப்டம்பர் 19 இரவு, கனடா போய்விட்டு நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பாதை வழியாக போர்ட்ஸ்மத்தில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பினார்கள். ஒரு வெளிச்சம் கூடவே வருவது போலிருந்தது. அன்று நிலாவுக்குப் பக்கத்தில் வியாழனும் சனியும் இருந்தன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பைனாகுலரில் உருவங்களைப் பார்த்ததாக நினைத்த பார்னி, மிரண்டு ஓடிவந்து காரை விரட்டினார். விடியும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

விழிப்போடு நினைவிருந்தது இவ்வளவுதான். இதில் கடத்தல் இல்லை. பத்து நாள் போல் கழித்து பெட்டிக்குத் தொடர்ந்து கனவுகள் வந்தன, கடத்திப் பரிசோதித்ததாக. அவற்றை எழுதி வைத்தார். விசாரிக்க வந்தவர்கள் நவம்பரில் "வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்ட பிறகுதான் 'காணாமல் போன 2 மணி நேரம்' பேச்சுக்கே வந்தது. 1964-ல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் ஹிப்னாடிசம் செய்தார். கடத்தல் நடந்த நினைவாக வெளிவந்தது அப்போதுதான். எந்தக் கதையைக் கேட்டாலும், முதலில் எது சொல்லப்பட்டது, யார் கேட்ட பிறகு சொல்லப்பட்டது என்று பாருங்கள்.

முருகேசன்: எங்கள் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஹில் தம்பதி விழித்திருந்தார்கள், அவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் "படுக்கையிலிருந்து தூக்கிப் போனார்கள்" என்று வரும் கதைகளில் பலவற்றுக்கு அதுதான் வேர். கனவு காணும் கட்டத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் அந்தத் தளர்ச்சி விலகுமுன் விழிப்பு வந்துவிடும். கை கால் அசையாது, நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்கும் உணர்வு. கனவுக் காட்சி கண் திறந்த பிறகும் ஓடும். சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. நின்றது யார் என்பதை அவரவர் வளர்ந்த ஊர் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இளங்கோ: கணவனும் மனைவியும் தனித்தனியே ஹிப்னாடிசத்தில் ஒரே கதையைச் சொன்னார்களே சார்?

பெட்டி தன் கனவுகளை இரண்டு வருடம் மற்றவர்களிடம் சொல்லிக் கொண்டிருந்தார். அதே வீட்டில்தான் பார்னியும் இருந்தார். சைமனே கடத்தலை நம்பவில்லை. பெட்டியின் கனவுகள் பார்னிக்கும் போய்ச் சேர்ந்தன என்பதுதான் அவர் முடிவு.

இளங்கோ: ஹிப்னாடிசத்தில் பொய் சொல்ல முடியாதே?

முடியும். பொய் சொல்லாமலே தவறாகவும் சொல்ல முடியும், அதுதான் ஆபத்து. தயவுசெய்து மனதில் வையுங்கள்: ஹிப்னாடிசம் நினைவைத் தோண்டி எடுக்கும் கருவி அல்ல. கற்பனை பெருகும், அதன்மேல் உறுதியும் ஏறும். 1977-ல் ஆல்வின் லாசன் என்ற பேராசிரியர், இப்படி எதுவும் நேராதவர்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, கடத்தலைக் கற்பனை செய்யச் சொன்னார். அவர்களும் விவரமான கதைகளைச் சொன்னார்கள்.

இளங்கோ: அப்படியென்றால் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பெரிய கண்கள் என்று பார்னி ஹிப்னாடிசத்தில் சொன்னது? டிவியில் பார்த்தார் என்று மழுப்புவீர்களா?

மாட்டேன். அந்த அமர்வுக்கு 12 நாள் முன்பு அதுபோன்ற கண்களுள்ள வேற்றுக்கிரகவாசி ஒரு தொடரில் வந்தது உண்மை. பார்னி அதைப் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதனால் அந்த விளக்கத்தில் நான் சாய மாட்டேன். நீங்கள் இதைப் பாருங்கள்: பெட்டியின் முதல் கனவுகளில் வந்தவர்களுக்குப் பெரிய மூக்கும் கறுப்பு முடியும் இருந்தன. பின்னால் அந்த உருவம் மாறிவிட்டது. நடந்ததை நினைவுகூர்கிறார் என்றால் மூக்கு எங்கே போனது?

ஷர்மிளா: ஹார்வர்டு பேராசிரியரே நம்பினாரே?

ஜான் மேக் என்ற மனநல மருத்துவரைச் சொல்கிறீர்கள். பெரிய மனிதர், புலிட்சர் பரிசு பெற்றவர். ஆனால் அவர் பெரும்பாலும் நம்பியதும் ஹிப்னாடிசத்தைத்தான். அதே ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்னாலியின் குழு, கடத்தப்பட்டதாகச் சொல்பவர்களுக்கு அவர்கள் கதையையே ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டியது. இதயத் துடிப்பும் வியர்வையும் நிஜமான அதிர்ச்சிக்கு ஆளானவர்களைப் போலவே எகிறின. ஆழமாக நம்பினாலே உடம்பு நடுங்கும். நடுக்கம் சம்பவத்துக்குச் சாட்சி ஆகாது.

பிரபு: டிராவிஸ் வால்டன்?

1975 நவம்பரில், அமெரிக்காவின் அரிசோனாவில், தன்னை வேற்றுக்கிரகவாசிகள் கடத்தியதாகச் சொன்னவர். அவர் கதை தூக்கத்தோடு தொடர்பில்லாததால் என் துறைக்குள் வராது. ஹில் தம்பதி பற்றிய டிவி படம் அதற்கு 16 நாள் முன்புதான் ஒளிபரப்பானது என்பதை மட்டும் சேர்த்து யோசியுங்கள். அவர் சொன்னது உண்மை என்றோ பொய் என்றோ காட்ட, இரண்டு பக்கமும் பொய் கண்டறியும் கருவியைத் தூக்கிக் காட்ட வேண்டாம், அதை நம்ப முடியாது.

நந்தினி: பெட்டி வரைந்த நட்சத்திர வரைபடம்?

கடத்தியவர்கள் தனக்குக் காட்டியதாகச் சொல்லி அவர் வரைந்தது அது. வானியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். நட்சத்திரங்களை இணைக்கும் கோடுகளை எடுத்துவிட்டால், நிஜ நட்சத்திரங்களோடு இருப்பதாகச் சொல்லும் ஒற்றுமை மறைந்துவிடும் என்று வானியலாளர் கார்ல் சேகன் காட்டியிருக்கிறார்.

ரஃபீக்: ஹிப்னாடிசத்தில் வந்தது உண்மையாகத்தானே இருக்கும்?

இளங்கோவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செல்வி: வேற்றுக்கிரகத்தில் உயிர் இருக்கிறதா?

அது வேறு கேள்வி. இருந்தாலும் இந்தக் கதைகள் நிரூபணம் ஆகாது.

இளங்கோ: எல்லாருமே தவறாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது கர்வம் இல்லையா?

எல்லாரும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கதையையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஹிப்னாடிசம் இல்லாமல், தூக்கம் இல்லாமல், அன்றே எழுதி வைத்த கடத்தல் ஒன்றைக் கொடுங்கள். உட்கார்ந்து முழுவதும் படிக்கிறேன்.

பெயர் வேண்டாம்: என் தங்கைக்கு மாதம் இரண்டு முறை இப்படி வருகிறது. யாரோ கட்டிலருகே நிற்கிறார்களாம். ஹிப்னாடிசம் செய்பவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். தங்கை சொல்வதை முதலில் நம்புங்கள், அவர் பார்த்ததாக உணர்வது நிஜம். தினமும் ஒரே நேரத்தில் தூங்கட்டும், மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுக்கட்டும். தூக்கம் கெட்டால் இது அடிக்கடி வரும். பகலில் அடக்க முடியாத தூக்கமும் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார்க்கச் சொல்லுங்கள், பலருக்கு அது உதவுகிறது.